அருவிக்கரையில் கொடுத்த போன்

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. குற்றாலத்தில், வெறும் பாறை என்று எல்லோரும் சிரித்த இடத்தில் லாட்ஜ் கட்டினேன். வங்கி கையை விரித்தது, கட்டினேன். சாரல் பொய்த்த சீசனில் பக்கத்து லாட்ஜெல்லாம் பூட்டிக் கிடந்தது, என்னுடையது திறந்திருந்தது. தென்காசியில் அரிசிக்கடை, வாடகைக்கு ஓட ஒரு வேன், கடையத்தில் தோட்டம். எல்லாம் இந்தக் கையால் வந்தவை.

போன சீசனில் ஒரு டீச்சர் தனியாக வந்து அறை எடுத்தார். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்தவர். மாடியில் கடைசி அறை வேண்டும் என்று கேட்டு, அடையாள அட்டையையும் என் போனுக்கு மட்டும் அனுப்பியிருந்தார். ஒருநாள் காலையில் லாட்ஜ் போன் அடித்தது. எடுத்தேன்.

"மாடியில கடைசி ரூம்ல இருக்கவகிட்ட சொல்லுங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போக வருதேன்."

டீச்சரிடம் சொன்னேன். முகம் வெளிறிப்போனது. "அது அவருதான். நான் இங்க இருக்கறத உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன் அண்ணாச்சி?"

லாட்ஜில் வைஃபை மாட்டியவன் மேல்தான் எனக்குச் சந்தேகம். வரவழைத்துச் சட்டையைப் பிடித்தேன். "ஏலே, என் சோத்தத் தின்னுட்டு என்னையே வேவு பாக்கியா?"

"கைய எடுங்க அண்ணாச்சி. உங்க வீட்ல நான் காப்பிதான் குடிச்சேன். போனக் குடுங்க." வாங்கி நோண்டினான். "உங்க மெசேஜ் எல்லாம் வேற ஒரு கம்ப்யூட்டர்லயும் ஓடுது. போனைக் கையில வாங்காம இதச் செய்ய முடியாது. யார்ட்ட குடுத்தீய?"

அருவியில் இறங்குகிற எவனும் போனைக் கரையில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். சீசனில் அழைப்பு தவறக் கூடாதென்று நான் போனின் பூட்டைத் திறந்தே கொடுப்பேன். வாங்குவது எப்போதும் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. ரூம் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். என் வாடிக்கையாளர்கள் எப்படி அவனிடம் போனார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. இப்போது டீச்சரையும் அவர் கணவனிடம் விற்றிருக்கிறான்.

"இப்பமே துண்டிச்சிருதேன்," என்றான் வைஃபைக்காரன்.

"வேண்டாம்லே. பாக்கட்டும்."

லாட்ஜ் போனில் கடையம் தோட்டக்காரரைக் கூப்பிட்டேன். "ஒரு மெசேஜ் வரும், அது பொய். எவன் வந்தாலும் கேட்டைத் திறக்காதேயும்." பிறகு என் போனிலிருந்து அவருக்கே அனுப்பினேன்: டீச்சரைத் தோட்டத்து வீட்டில் விட்டாச்சு, சாப்பாடு கொடுங்கள்.

டீச்சரைத் தலையணை, போர்வை அடுக்கும் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றேன். சாலையில் எந்தக் கார் வேகத்தைக் குறைத்தாலும் உள்ளே யார் என்று எட்டிப் பார்த்தேன். சட்டை மழையில் நனைந்ததா, வேர்வையில் நனைந்ததா, தெரியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தோட்டக்காரர் போனில் கூப்பிட்டார்.

"கார்ல ஒருத்தன் வந்து கேட்டை உலுக்குதான் அண்ணாச்சி!"

அந்த நிமிடமே வேனை நானே ஓட்டிப்போய் டீச்சரை ரயிலேற்றினேன். எந்த ஊருக்கு என்று இங்கேயும் எழுதமாட்டேன். திரும்பி வந்த பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டிக்கச் சொன்னேன். அருவிக்கரையில் மச்சான் கையில் இனி என் துண்டைக்கூடக் கொடுப்பதில்லை.

ஆனால் ஊரில் என்ன பேச்சு? வைஃபைக்காரன் டீச்சரைக் காப்பாற்றினானாம். என் வீட்டுக்காரியே சொல்கிறாள், "அந்தத் தம்பி மட்டும் இல்லன்னா?" ஓட்டையைக் காட்டியது அவன்தான், மறுக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகவே பொய்யை அனுப்பி, வந்தவனைக் கடையத்துக்கு ஓட விட்டது யார்? இனி இந்தக் கதையை எங்கே சொன்னாலும், முதலில் என்னைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவனைச் சொல்லுங்கள்.