பக்கத்து வீட்டுத் தறிகள்

மேட்டூர் அணை நிரம்பினால் பள்ளிபாளையத்தில் எங்கள் சந்துக்கு அந்தச் செய்தி இரண்டு முறை வரும். முதலில் டிவியில், மதகைத் திறந்து பூத்தூவுவதாக. பிறகு நகராட்சி ஆட்டோவில், கரையோரம் இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்யும்படி. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இருக்காது. மழையெல்லாம் கர்நாடகத்தில் பெய்திருக்கும். இங்கே வெயில் காயும், கொடியில் துணி உலரும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிளம்பச் சொன்னால் யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் சேலத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தேன். ஒரு யூனிட்டில் நைட்டி தைக்கிறேன். என் கணவர் தறி ஓட்டியவர். பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறும். நல்ல கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு இளம் தம்பதி. சொந்தமெல்லாம் இல்லை. குடிவந்த நாளிலிருந்து நான் அவரைத் தம்பி என்றேன், அவர்கள் இருவரும் என்னை அக்கா என்றார்கள். வீட்டின் முன்பாதியில் நான்கு விசைத்தறிகள் வைத்திருந்தார்கள். சொந்தத் தறிகள். ஒரு முதலாளியிடம் பாவும் நூலும் வாங்கி, ரயான் துணி நெய்து கொடுப்பார்கள். பாவு என்றால் பெரிய உருளையில் சுற்றிய நெடுக்கு நூல். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நடுச்சுவருக்கு அந்தப்புறம் நாள் முழுக்கத் தறிச்சத்தம். படுத்த படுக்கையாக இருந்த என் கணவருக்கு அதுதான் துணை. ஒரு தறி நின்றால் காதைத் தீட்டிக்கொண்டு, "இழை அந்துருச்சாட்ட இருக்குது" என்பார். மறுபடி ஓடினால்தான் முகம் தெளியும்.

அந்த வருஷம் ஆடியில் ஆட்டோ காலையிலேயே வந்துவிட்டது. தண்ணீர் ஏற எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மாத்திரைகளையும் மாற்றுத்துணியையும் பையில் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தேன். வருகிறோம் என்றார்கள். ஆனால் ஆறு படியேறி வருவதற்கு முன்பே சாக்கடை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வந்துவிட்டது. உச்சி வெயிலில் எங்கள் வாசலில் கறுப்பாகத் தண்ணீர் கொப்பளித்தது.

நான் வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் தம்பி கையில் ஸ்பேனரோடு தறி மோட்டார்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு பாவின் முனையைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் தம்பி ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"அக்கா, வண்டி இனிமேல் சந்துக்குள்ள வராதுங்க. அண்ணன நாமளே தூக்கிக்கலாம்."

"மோட்டாரெல்லாம் எடுத்தாச்சா தம்பி?"

"ரண்டு பரண்ல ஏத்திட்டனுங்க. மிச்சத்த வந்து பாத்துக்கலாம்."

அவர் மனைவி பாவையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த முனையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். நீங்கள் போய் உங்கள் சாமான்களைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவரை உட்காரவைத்து, மார்பைச் சுற்றித் துண்டால் கட்டி, மூன்று பேருமாகத் தூக்கினோம். சந்து முழுக்க ஏற்றம். நாற்காலியின் கால் வளைந்தது. நாலு எட்டு வைப்பதும் இறக்குவதுமாகப் போனோம். என் கணவர் வழியெல்லாம், "உட்ரு, என்னைய உட்ரு" என்று குழறிக்கொண்டே வந்தார். தம்பி, "சித்த சும்மா இருங்கண்ணா, ஆடுனீங்கன்னா கை வழுக்குது" என்றார். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் அவரைப் பெஞ்சில் கிடத்தினோம். அவர்கள் இருவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி ஓடினார்கள்.

சந்து முனையில் போலீஸ் கயிறு கட்டிவிட்டது. பள்ளமான இடத்தில் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. "தறி இருக்குதுங்க சார், ஒரு நடை உடுங்க" என்று தம்பி கெஞ்சியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். விடவில்லை. அவர்கள் திரும்பி வந்து பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தபோது ஸ்பேனர் இடுப்பிலேயே இருந்தது.

மறுநாள் காலை உப்புமாவுக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் தம்பியின் மனைவி. நான் ஏதாவது பேசவேண்டும் என்று, "தூங்குனியா கண்ணு?" என்றேன்.

திரும்பாமலே சொன்னாள். "அந்தப் பாவு ரண்டு மட்டும் மேல ஏறியிருந்தாக் கூடப் போதுங்க்கா."

பிறகு தட்டை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணனுக்குக் குடுங்க, ஆறிப்போயிரும்" என்று மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனாள். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தபோது என் தலை தானாகக் குனிந்திருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு வீட்டிலும் ஒரே அளவு சேறு. என் வீட்டில் போனது கட்டில், பீரோவின் அடித்தட்டு, அரிசி. அவர்கள் வீட்டில் போனது பிழைப்பு. பாவு நூல் சேறேறி ஊறி நாறியது. மோட்டார் இரண்டிலும் காயில் கம்பி கெட்டுவிட்டது. அதிகாரிகள் வந்து சுவரைப் போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு உண்டான உதவி இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றுபோலவே வந்தது. தறிக்கு எதுவும் வரவில்லை. முதலாளியின் பாவுக்குத் தம்பிதான் ஈடு கொடுக்கவேண்டியிருந்தது. கொஞ்ச காலம் இரண்டு தறிகளை ஓட்டிப் பார்த்தார். பிறகு தறிகளை உடைத்து எடைக்கு எடுப்பவர்கள் வந்தார்கள். ஒரு பகல் முழுக்கச் சம்மட்டிச் சத்தம். என் கணவர் நல்ல கையால் தலையணையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். அதன்பின் சுவருக்கு அந்தப்புறம் சத்தமே இல்லை. அவரும் அந்தப் பக்கம் பார்த்துப் படுப்பதை விட்டுவிட்டார்.

தம்பி வேறொருவர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டப் போனார். அவர் மனைவிக்கு என் யூனிட்டில் நானே வேலை கேட்டுக் கொடுத்தேன். ஏதோ கொஞ்சம் ஈடுகட்டிவிட்டதாக நினைத்தேன். முதல் நாளே அது தப்பென்று தெரிந்துவிட்டது. தைக்கிற நாங்கள் மெஷினில் உட்கார்ந்திருந்தோம். சொந்தத் தறிக்காரியாக இருந்தவள் கீழே தரையில் உட்கார்ந்து, நான் தைத்த நைட்டிகளில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உருப்படியையும் அவள் பக்கம் போடும்போது எனக்குக் கை கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நின்றேன். நடந்ததையெல்லாம் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நீங்க செஞ்ச பாவம் எதும்மா?" என்றார்.

பாவமில்லாததற்கு மன்னிப்பும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தப்புச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றுகூட நினைத்தபடி வெளியே வந்தேன்.

கடைசியில் தம்பியிடமே கேட்டுவிட்டேன். வேலை முடிந்து குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க மேல கோவம் இருக்குதா தம்பி?"

உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் யோசித்தார்.

"ஒருசில நாளு நெனப்பனுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உங்க ஊட்டுக்கு வந்திருந்தா மிச்ச மோட்டாரையும் எடுத்திருக்கலாமேன்னு. அப்பறம் அந்தப் பக்கம் அண்ணன் இருமறது கேக்கும். அத்தோட உட்டுருவேன்."

அவர் பொய் சொல்லாதது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. அன்றிலிருந்து என் கணவர் இருமும்போதெல்லாம் நானும் அந்தச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷம் அணை நிரம்பும் என்று பேச்சு வந்ததுமே சந்து கொஞ்சம் தயாரானது. பரணை உயர்த்திக் கட்டினார்கள். பொதுவில் கயிறு வாங்கி வைத்தார்கள். பையன்கள் நீர்வரத்தைப் போனில் பார்த்துச் சொன்னார்கள். நான் யாரும் சொல்வதற்கு முன்பே டாக்சி பிடித்து என் கணவரைச் சேலத்தில் என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். "இன்னும் அணையே ரொம்பல" என்று முனகினார். நான் கேட்கவில்லை. அவரை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன்.

எதற்கு வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை அவர்கள் வீட்டுச் சாமான்களை நான் தூக்க வேண்டும். அதற்காகவே வந்தேன்.

ஆட்டோ வந்து போனதும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனேன். முன்பாதி காலியாகக் கிடந்தது. தறிகள் நின்ற இடத்தில் போல்ட் துளைகள் மட்டும். ஒரு டிவி, ஒரு கிரைண்டர், சின்ன மூட்டை அரிசி. தம்பியின் மனைவியும் நானும் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டோம். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"அவ்வளவுதானுங்க்கா" என்றாள். "போன தடவை மாதிரி கஷ்டமில்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. அந்த முறை தண்ணீர் கணுக்கால் அளவோடு இறங்கிவிட்டது.

இந்த வருஷம் வெயில் காலத்திலேயே நகராட்சியிலிருந்து ஒரு அலுவலர் வந்தார். சந்து முனை வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து, தண்ணீர் வந்தால் முதலில் யாரை ஏற்றவேண்டும் என்று கேட்டார். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாங்கள் முன்பே சேலம் போய்விடுவோம், எங்களைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று சொல்ல எழுந்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து தம்பியின் மனைவி குரல் வந்தது. "மொதல்ல எங்க பக்கத்து ஊட்டு அண்ணனுங்க சார். அவரு நடக்க மாட்டாரு. தூக்க ரண்டு ஆம்பளையும் நல்லதா ஒரு நாற்காலியும் வேணும்."

அலுவலர் சரி என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் எழுந்த இடத்திலேயே மெல்ல உட்கார்ந்துகொண்டேன். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.