நகலில் வாங்கிய கையெழுத்து

போன ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம். என் மகள் அக்ஸா ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. பாவாடையின் ஓரம் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அப்படியென்றால் மதியத்திலிருந்தே அதே ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. பேச்சு வராது, பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாது. அழவும் மாட்டாள். வகுப்பு டீச்சரிடம் போய் நின்றால், "உங்க பொண்ணு தொந்தரவே இல்லீங்க, உக்கார வெச்ச எடத்துலயே இருக்குமுங்க" என்று பாராட்டினார். 

நாங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். முதலிபாளையத்தில் குடியிருக்கிறோம். கணவர் டெய்லர். நான் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோரில், சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல்களைச் சரிபார்த்து உள்ளே எடுப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் பேர்.

அந்த வாய் ஒரு சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. முந்தின வருடமே கோவையில் ஒரு டாக்டர், "ஆட்டிசமாக இருக்கலாம். பள்ளியில் கேட்டு சிறப்புக் கல்வி மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள்" என்றார். அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் அது பிள்ளைமேல் நிலைத்துவிடும், எடுப்பதே அவிசுவாசம் என்று நான் நம்பினேன். நம் சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் வாரம் தவறாமல் சீட்டுப் போட்டேன். "என் மகளுக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதுவேன். என்ன குறை என்று எழுத மாட்டேன். பள்ளியிலும் அதே கதைதான். கேட் பக்கம் தலைமையாசிரியையைப் பார்த்தால், "பிள்ளையக் கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க டீச்சர்" என்பேன். "பாத்துக்கலாமுங்க" என்பார். இப்படி மூன்று தடவை ஆயிற்று.

மூன்றாவது பாவாடைக்குப் பிறகு நேரே தலைமையாசிரியையிடம் போனேன். "நான் சொன்னேன்லா டீச்சர்?" அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "எப்பங்க சொன்னீங்க?" என்றார்.

அன்றைக்கு நான் உடைந்துபோனேன். பள்ளியை நிறுத்திவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். நிறுத்தினால் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது தெரிந்தும் சொன்னேன்.

மறுநாள் காலையில் பாவாடையை அலசிக்கொண்டே ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், சண்டைதான். "ஆண்டவரே, நான் சொல்லுதது ஒருத்தர் காதுலயும் ஏறலையே. என்ன செய்யணும்னு நீராவது சொல்லும்."

அன்று பதினோரு மணிக்குச் சாயப்பட்டறை வண்டி வந்தது. டிரைவரிடம் டெலிவரி சலான் இல்லை. "அக்கா, ரோலை எறக்கிட்டுப் போயிடறனுங்க. சலான் நாளைக்குக் கொண்டாந்து தர்றனுங்க" என்றார். நான் வழக்கம்போலப் பாய்ந்தேன். "எழுத்துல இல்லாத சரக்கு வந்ததாவே கணக்கு கெடயாது தம்பி. ரெண்டு சீட்டு கொண்டா. ஒண்ண நான் வச்சுக்கிடுதேன். இன்னொண்ணுல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. காலையில் கேட்டதற்குப் பதில் என் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஒரு ரோல் துணிக்கு இத்தனை சட்டம் பேசுகிறவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சலான் புத்தகத்திலிருந்த கார்பன் தாளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல் வரும் இடத்தில் பேனா நின்றது. அவளை உருவாக்கினவருக்குத் தெரியாததா? அப்புறம் யாரிடமிருந்து மறைக்கிறேன்? உதவி செய்யக் கூடியவர்களிடமிருந்து மட்டும்தான். அழுத்தி எழுதினேன். "என் மகளுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று மருத்துவர் கூறுகிறார். சிறப்புக் கல்வி மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஈரப் பாவாடையைப் பற்றியும் ஒன்று விடாமல் எழுதினேன்.

மறுநாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

"ஏனுங்க, எழுதியெல்லாம் எதுக்குங்க? வாயில சொன்னாப் போதாதுங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"வாயால சொல்லி மூணு தடவ ஆச்சுல்லா டீச்சர். நகல்ல ஒரு கையெழுத்தும் தேதியும் போட்டுத் தாங்க."

"இதென்னங்க, கம்பெனியா?"

"அங்க துணிதான் வருது டீச்சர். இங்க வாரது என் பிள்ளை."

"வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்றார். நான் போகவில்லை. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கடிதத்தை எடுத்துப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார். "சாயங்காலம் வரைக்குமா அப்படியே உக்காந்திருந்துச்சு?" என்றபோது அவர் குரலே மாறியிருந்தது. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். கேட்காமலே பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தார். ஆண்டவர் என் வாயைத் திறந்தார், டீச்சர் மனதையும் திறந்தார் என்றே சொல்வேன்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. நகலைக் காட்டி மறுபடியும் கேட்டேன். மூன்றாவது வாரம் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியை வந்து, தரையில் அக்ஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மருத்துவ முகாமில் அவளைச் சோதித்து, ஆட்டிசம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கியபோது அழுதேன். ஆனால் பயம் வரவில்லை. இப்போது வாரம் இரண்டு நாள் அந்த ஆசிரியை வருகிறார். பாத்ரூம் படம் போட்ட ஓர் அட்டையைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டார். தேவைப்படும்போது அதைத் தூக்கிக் காட்டப் பழக்கினார். பல வாரம் பிடித்தது. முதல் முறையாக அவளே அட்டையைக் காட்டி, காய்ந்த பாவாடையோடு வந்த நாளில், அந்தப் பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"பிள்ளைக்குச் சுகம் கிடைச்சிட்டா?" என்று சபையில் சிலர் கேட்கிறீர்கள். அவள் இன்னும் பேசவில்லை. நான் பேசினேன். நான் ஜெபத்தில் கேட்டதற்கு அதுதான் பதில்.

போன ஞாயிறு பாஸ்டர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது அக்ஸா எழுந்து நின்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தீர்கள். முன்பென்றால் அவள் கையை இழுத்து உட்கார வைத்திருப்பேன். அன்று அவள் கையைப் பிடித்து, சபை நடுவே தலைநிமிர்ந்து நடந்தேன்.

பிரியமானவர்களே, உங்களிலும் யாராவது குறையின் பெயர் சொல்லாத சீட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்தச் சொல்லை எழுதுங்கள். ஆண்டவருக்கும் எழுதுங்கள், பள்ளிக்கும் எழுதுங்கள். ஆண்டவரிடம் நகல் கேட்க வேண்டாம், அவர் மறக்கமாட்டார். பள்ளியில் மட்டும் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.