இரண்டாம் முறை சொன்னது

போன வருடம் எனக்கு ஒரு விருது கிடைத்தது. எல்லையில் சண்டை நடந்த நாட்களைப் பற்றிய செய்திக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று டெல்லியில் ஒரே மேடையில் மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். கவிதைக்கு வாங்கியவர் எல்லைப் பக்கம், டெல்லிக்கு அருகிலிருக்கும் பானிபட்டைக்கூடத் தாண்டியவரில்லை. அவரைக் கேலி செய்ய எனக்கும் தகுதி கிடையாது. நான் போன தூரம் அதைவிடக் குறைவு. டெல்லிக்குள்ளேயே, கோல் மார்க்கெட் வீட்டிலிருந்து ஆட்டோவில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவ்வளவுதான்.

என்னை அனுப்பிய காரணமும் பெரிதில்லை. எங்கள் செய்தி அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காலில் குண்டுச் சிதறல் பாய்ந்த கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் யாரோடும் பேசாமல் படுத்திருந்தான். “சாப்டீங்களா தம்பி?” என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டான்.

கூட இருந்த நண்பன், அதே ஊர்க்காரன், பத்தடி தள்ளி விழுந்து கிடந்தானாம்.

“அம்மா, அம்மான்னு கூப்ட்டுக்கிட்டே இருந்தான்க்கா. ஒரு மணி நேரம் இருக்கும். என்னால நகர முடியல. கடைசில காதப் பொத்திக்கிட்டேன்க்கா.”

பதிவு செய்ய வைத்திருந்த போனைப் பார்த்தேன். எதுவும் பதிவாகவில்லை. சித்தப்பா, பெரியப்பா வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களால் போனில் இடமே இல்லை. பாதியை அழித்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல் கேட்டேன்.

“இன்னொரு தடவை சொல்றீங்களா தம்பி?”

திரையில் சிவப்புப் புள்ளியைக் கண்டதும் அவன் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டான். குரல் மாறிப்போனது.

“‘நீ போடா, என்னப் பத்திக் கவலப்படாத’ன்னான். சிரிச்சான்க்கா. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். இதையே எழுதிவிடுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பதிவில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. எனக்கு வசதியான விதி. இல்லாத அந்தச் சிரிப்பைத் தலைப்பிலேயே போட்டேன்.

விருது விழாவுக்கு, இறந்தவனின் அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். துணைக்கு ஊன்றுகோலோடு அந்தச் சிப்பாயும் வந்திருந்தான். பாட்டுக்கு விருது வாங்கிய பாடகி, மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு அழாமல் நின்ற ஒரு தாயைப் பற்றி இந்தியில் பாடினாள். அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. முன்வரிசையில் அந்த அம்மாள் மட்டும் ஒரு வார்த்தையும் புரியாமல், யாரோ கொடுத்த பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீ குடிக்கும்போது என்னைத் தேடி வந்தாள். ஒரு கை சிப்பாயின் தோளில் இருந்தது.

“நீ எழுதுனத எங்கூரு வாத்தியாரு தமிழ்ல சொன்னாரு தாயி. நல்லாத்தான் எழுதியிருக்க.” பூங்கொத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “முள்ளு குத்துனாக்கூட அம்மான்னு ஊரக் கூட்டுவான். கடைசில என்னைய நெனைக்கவே இல்லையா அவன்?”

சிப்பாய் தரையைப் பார்த்தான். அவள் விரல்கள் அவன் தோளைத் தடவிக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் உங்களைத்தான் கூப்பிட்டான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பக்கத்தில் கிடந்த நீ என்ன செய்தாய் என்று இவனைக் கேட்பாளே என்று தயங்கியதாகப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். நான் பயந்தது கையிலிருந்த விருதுக் கேடயத்துக்காக.

“அவ்வளவுதாம்மா எனக்குத் தெரியும்” என்றேன்.

என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறாள். மழை இல்லை, ஆடு குட்டி போட்டது என்று ஆரம்பித்து, கடைசியில் அதையே கேட்பாள். “வேற ஏதும் ஞாபகம் வந்துச்சா தாயி?” நானும் இல்லை என்பேன். பதிவான குரலை எப்போதோ அழித்துவிட்டேன். பதிவாகாத குரல்தான் மெட்ரோவிலும் சமையலறையிலும் கூடவே வருகிறது. இதை எழுதுவதால் அது நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

டெல்லியிலேயே பிறந்த என் மகளுக்கு இந்திதான் வாயில் வரும். என்னை மட்டும் தமிழில் கூப்பிடுவாள். நேற்றுச் சாயங்காலம் சார்ஜர் எங்கே என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அம்மா! சார்ஜர் கஹான் ஹை? அம்மா!”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. என்னால் நகர முடியவில்லை. அவள் மூன்றாம் முறை கூப்பிட்டபோது, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.