ஒருவரும் முந்தாத பந்தயம்

எங்கள் நீச்சல் குழுவுக்குப் பதிவு கிடையாது, கட்டடம் கிடையாது. கீழ்பென்னாத்தூர் சாலையை ஒட்டி ஓர் ஏரி, போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப், பத்துப் பதினோரு பேர், அவ்வளவுதான். என்னைச் செயலாளர் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வருடம் எல்லோருக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். அந்த வேலை அப்படியே என் தலையில் உட்கார்ந்துவிட்டது. முழங்கால் போனதிலிருந்து நான் தண்ணீரில் இறங்குவதுகூட இல்லை. ஆனாலும் லாரி டியூபுக்குக் காற்றடிப்பதும், ஹோட்டலில் பொங்கலுக்குச் சொல்லி வைப்பதும், வரமாட்டேன் என்கிறவனைக் கெஞ்சுவதும் நான்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது.

பந்தயம் எல்லா வருடமும் நடக்காது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகும் கோடி வழிந்தால், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம். வழியாவிட்டால் இல்லை. மதகுப் படியிலிருந்து கிளம்பி, நடு ஏரியில் பாதி முங்கி நிற்கும் வேலமரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி மதகுக்கே வர வேண்டும். வயதில் மூத்தவர் முதலில் இறங்குவார். மற்றவர்கள் அவரைவிட எத்தனை வயது இளையவர்களோ, ஒரு வயதுக்குப் பத்து எண் வீதம் நான் கரையில் நின்று உரக்க எண்ணுவேன். அவரவர் எண் வந்ததும் இறங்கலாம். ஊரில் எல்லோரும் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், எங்கள் ஏரிக்கரையில் கூட்டிச் சொல்வார்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் மூன்று வயதைக் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு, ஆதார் அட்டை கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முன்னால் போகிறவரைத் தாண்டுவதற்கு முன் அவர் பக்கத்தில் வந்து, "போய்ட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். அவர், "பாத்துப் போ" என்று விடை கொடுக்க வேண்டும். மூச்சு வாங்கும் நேரத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வாயில் தண்ணீர் புகுந்துவிடும். யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு பந்தயங்களில் சேர்ந்துகொண்டார். அவருக்குத் தெரிந்த தமிழே அந்த இரண்டு வார்த்தைதான். டீக்கடைக்குள் நுழையும்போதும் அதையே சொல்வார்.

முதலில் இறங்குகிறவர் எப்போதும் டிரைவர் அண்ணன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. வேலமரத்தைச் சுற்றித் திரும்பும் வரை அவர்தான் முன்னால் இருப்பார். திரும்பி வரும்போது ஒவ்வொருவராக அவரைத் தாண்டுவார்கள். அத்தனை பேருக்கும் விடை கொடுத்துவிட்டுக் கடைசியாகக் கரை ஏறுவார். சர்வீஸ் முழுக்கக் கார்க்காரர்களுக்கு வழிவிட்டுப் பழகியவன், இங்கே மட்டும் எப்படி மாறுவேன் என்று சிரிப்பார். கடைசியாக வந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐப்பசி மழை வெளுத்து வாங்கி, மார்கழி பிறப்பதற்கு முன்பே ஏரி கோடி வழிந்தது. அன்று மாலையே டிரைவர் அண்ணன் பைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவசரப்படாமல் நீந்தலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அவர் மனைவி போன் செய்தார். "நாங்க சொன்னா கேக்க மாட்டாரு. நீங்கதான் தம்பி பாத்துக்கணும்" என்றார். அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அவர் அமைதியாகச் சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அண்ணனிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் கத்துவார், நான் கத்துவேன், ஏதோ ஒரு முடிவு வந்திருக்கும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. அதற்குப் பதிலாக மற்ற ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். அண்ணனுக்குப் பின்னாலேயே இருங்கள், தாண்டிப் போய்விடாதீர்கள், ஏதாவது ஆனால் கை கொடுக்க ஆள் வேண்டும் என்றேன். ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவர்மேல் அவ்வளவு பிரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் சில்லென்று இருந்தது. மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. டிரைவர் அண்ணன் இறங்கினார். நான் எண்ணினேன், ஒவ்வொருவராக இறங்கினார்கள். முன்னைவிட மெதுவாகத்தான் நீந்தினார், ஆனால் நிதானம் தப்பவில்லை. வேலமரத்தைச் சுற்றித் திரும்பினார். அவருக்குப் பத்தடி பின்னால் ஒன்பது தலைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கல்லூரி நீச்சலில் பரிசு வாங்கிய பையன்கூட நாய் நீச்சல் அடித்துக்கொண்டு வந்தான். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் நடக்கிறவர்கள் மாதிரி இருந்தது. கரையிலிருந்து பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

பாதி வழியில் டிரைவர் அண்ணன் நின்றார். மூச்சு முட்டுகிறதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பின்னால் டியூபை இழுத்து வந்தவருக்கு அதை அனுப்பச் சொல்லிக் கை காட்டினேன். அண்ணன் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, காலை மட்டும் அசைத்து மிதந்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள். அவர் காத்திருந்தார், அவர்களும் காத்திருந்தார்கள். பத்துப் பேரும் நடு ஏரியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மிதந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். பிறகு அண்ணன் கரையைப் பார்த்தார், என்னைத்தான் பார்த்தார். அத்தனை தூரத்திலிருந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர்தான் முதலில் கரை ஏறினார். எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் வருகிறவருக்கு ஒரு புதுத் துண்டு பரிசு. அதை வாங்கி மடிப்புக் கலையாமல் என் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு, தன் பழைய துண்டாலேயே தலை துவட்டினார். பொங்கல் சாப்பிட்டார், வடையும் ஒன்று கேட்டு வாங்கினார். கை கழுவ வந்தபோதுதான் என்னிடம் பேசினார்.

"பின்னாடி சத்தம் கேட்டுனே இருந்துச்சு. இப்ப வருவான், இப்ப சொல்லுவான்னு பாத்தேன். ஒருத்தனும் வரல" என்றார். கை ஈரத்தை உதறிவிட்டு, "நான் செத்துட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டார். உங்கள் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன். அது பொய் என்று எனக்கே தெரிந்ததால் பாதியில் நிறுத்தினேன். என் பயத்துக்காகச் செய்தேன். நாளைக்கு அவர் மனைவி முன்னால் போய் நிற்க முடியாதே என்று செய்தேன். அவரோடு சண்டை போடச் சோம்பல்பட்டுச் செய்தேன். இதில் ஒன்றைக்கூட அன்று என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. குரூப்பில் இருந்தார், மற்றவர்கள் போடும் படங்களைப் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை. வெட்கம் தாங்காமல் ஒருநாள் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். காபி கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு நெரிசலைப் பற்றிப் பேசினார்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசி காய்ந்தது, கார்த்திகையும் காய்ந்தது. ஏரியில் மதகுக்குக் கீழே ஒரு குட்டை மட்டும் கிடக்கிறது. வேலமரத்தடி வரை மாடு போய் மேய்கிறது. எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்ததும் அசிங்கமாக இருந்தது.

போன வாரம் டிரைவர் அண்ணன் போன் செய்தார். அத்தனை மாதத்தில் அவராகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டார். கால்வாசிகூட இல்லை அண்ணா, இந்த வருடம் பந்தயம் கிடையாது என்றேன்.

"அடுத்த மழைக்கு எனக்கு எழுபது" என்றார். "தண்ணி வந்தா எனக்கு சொல்லு. வேற யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

சரிண்ணா என்றேன்.