பழைய வீட்டு வேனுக்குப் புதுக் கெமராவும் திருக்கோவிலில் உடைந்த கதிரையும்

பழைய மோட்டார்ஹோமின் பின்கெமராவை மாற்றலாமா என்று தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். ஆனால் பழையதைக் கழற்ற முன் அந்த வாகனத்தை ஓட்டுகிறவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள். அது என்ன கேள்வி என்று கீழே வரும். நான் கேட்கவில்லை. அதனால் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை எனக்குப் பாதி வழியிலேயே நாசமானது.

எங்கள் வாகனம், ஜப்பானில் யாரோ ஒரு குடும்பம் ஓடித் தீர்த்துவிட்டு ஏற்றி அனுப்பிய பழைய மோட்டார்ஹோம். கட்டில் இருக்கிறது, சின்ன அடுப்பு இருக்கிறது, எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு கழிவறை இருக்கிறது. எங்கள் தெருவில் அதன் பெயர் வீட்டு வேன். இருபத்தெட்டு வருடம் லொறி ஓட்டிய வாப்பா, லொறியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியது உம்மாவுக்காக. உம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மணிக்கொரு தரம் இறங்க வேண்டும். வழியில் எங்கே இறங்குவது? முன்பெல்லாம் தூரத்துக் கல்யாணம் என்றால் முதல் நாள் பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பிறகு கல்யாணங்களையே நிறுத்திவிட்டார். வீட்டு வேன் வந்த பிறகுதான் நுவரெலியாவையும் திருகோணமலையையும் பார்த்தார், போத்தல் தண்ணீரைக் கையில் வைத்துக் குடித்துக்கொண்டே.

இப்படிப்பட்ட வாகனத்தை வாப்பா இரண்டு தடவை பின்னால் இடித்தார். முதலாவது ஒலுவில் துறைமுகத்தில். ஈ காக்கை இல்லாத நேரம், அகலமான இடம், ஒரேயொரு கொங்கிறீட் கட்டை. அதில் போய் முட்டினார். இரண்டாவது சம்மாந்துறையில், வீட்டுக்கு அரிசி எடுக்கப்போன ஆலையில். மெஷின் ஓடிக்கொண்டிருக்க, நாலு பேர் பின்னால் நின்று கை காட்ட, மதிலோடு சாத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாவியை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னொருக்கா எங்கயாவது பட்டுதெண்டா வித்துருவன். ஒரு ஆள்ல பட்டா என்ன செய்யிற?"

வாங்க ஆளும் தயார். அக்கரைப்பற்றில் ஒருவர் இதைக் கொத்துரொட்டிக் கடையாக்கப் போகிறேன் என்று கிழமைக்கொரு தரம் போன் எடுத்துக்கொண்டிருந்தார். கழிவறை இருக்கும் இடத்தில் கல்லடுப்பு வருமாம். அன்றைக்கு வந்த கல்யாணக் கார்டை உம்மா பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகளான நான் படித்தது கணக்கியல். வயரிங் எல்லாம் இணையத்தில் வீடியோ பார்த்துப் பழகியதுதான். மோட்டார்ஹோம் வீடியோ என்றால் சோறு வேண்டாம் எனக்கு. பிரச்சினை கெமராதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதன் திரை முழுக்கச் சாம்பல் நிறம், கூடவே ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். வாப்பாவிடம் கேட்டால், "கெமரா நல்லாத்தானே இரிக்கி" என்பார். அந்த நல்ல கெமராவோடுதான் இரண்டு தடவை இடித்திருக்கிறார்.

கல்முனையில் வாகன ஓடியோ பூட்டும் கடையில் ஏழு அங்குலத் திரையும் இரவிலும் தெரியும் கெமராவும் சேர்த்து 16,500 ரூபாய். கொண்டுவந்து பிரித்தால் அது கார்களுக்கான பன்னிரண்டு வோல்ட். எங்களுடையது லொறியைப் போல இருபத்துநாலு. திரும்பப் போய் மாற்றினேன். பிறகு வயரை இழுத்தால் பத்து மீற்றர் வயர் ஒரு மீற்றர் காணாது. திரும்பவும் போனேன். கடைக்காரத் தம்பி மூன்றாம் தடவை என்னைக் கண்டதும், "ராத்தா, கடையிலயே இருந்து பூட்டுங்களன்" என்றான். உள்பக்கத் தகடுகளைக் கழற்றியதில் ஆறு கிளிப் உடைந்தது. எல்லாம் பூட்டிப் பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. கெமராவிலிருந்து வரும் சின்னப் பச்சை வயரை வெட்டினால் சரியாகும் என்று பின்னேரம் நான்கு மணிக்குக் கண்டுபிடித்தேன்.

பழைய கெமராவைக் கழற்றும்போது அதன் அடியில் ஊசித் துவாரம் போல ஒன்று இருந்தது. மழைத்தண்ணி வடிவதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜப்பான்காரன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று பாராட்டிவிட்டுத்தான் வயரை வெட்டினேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை 6.15க்குப் புறப்பட்டோம். கல்முனையிலிருந்து அறுகம்பை வரை, புதுக் கெமராவுக்கு ஒரு சோதனை ஓட்டம். உம்மா முன்சீட்டில், நான் நடுவில். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் கண்மூடித் திறக்க முன் போய்விட்டன. முதல் சோதனை அக்கரைப்பற்றில், பேக்கரி வாசலில். பணிஸ் வாங்கிக்கொண்டு வாப்பா ரிவேர்ஸ் போட்டார். திரையில் படம் வந்தது பாருங்கள், கண்ணாடி மாதிரி. பின்னால் நின்ற ஓட்டோவின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வரை தெரிந்தது. வாப்பா போய்க்கொண்டே இருந்தார். ஓட்டோ பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கத்தியபோது இடையில் ஒரு சாண் இருந்திருக்கும்.

"பாத்துட்டுத்தானே இரிக்கன்," என்றார் வாப்பா. பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பக்கக் கண்ணாடியை. 16,500 ரூபாய்த் திரை அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் சும்மா எரிந்துகொண்டிருந்தது.

சிறுபோக வெட்டு நேரம் என்பதால் திருக்கோவில் பக்கம் வீதியில் ஒரு பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் கல் வரிசை, மாடு வராமல் பார்க்க ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் ஒரு ஆள். இந்தப் பாதையில் பெரிய வாகனத்தில் போகிறவர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். நாங்கள் அவரைக் கடந்து கொஞ்சத் தூரம் போக, முன்னால் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்தது. பின்னால் கொளுவிய பெட்டியோடு அது பின்னுக்குப் போக ஏலாது. நாங்கள்தான் போக வேண்டும். வாப்பா ரிவேர்ஸ் போட்டார். நான் கீழே உருண்ட பணிஸ் பையைக் குனிந்து எடுத்தேன். அவ்வளவுதான். பின்னால் படக் என்று ஒரு சத்தம்.

அந்த மூன்று நொடியை எழுதக்கூடப் பிடிக்கவில்லை. இறங்கி ஓடினோம். கதிரை நாலாக உடைந்து பின் சில்லுக்குக் கீழே கிடந்தது. கதிரைக்காரர் நெல்லின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், முழுசாக.

"எத்தின தரம் கத்தினேன் நானா, நில்லுங்க நில்லுங்கண்டு. தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. எங்கட கோயில் மணிக்கும் இவ்வளவு சத்தம் வராது."

"சத்தமே கேக்கல்ல அண்ணன்," என்றார் வாப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "முந்தி கேக்கும். நீ பூட்டினது ஊமையா இரிக்கி."

எனக்கு விளங்கவில்லை. முந்தி என்ன கேட்கும் என்று கேட்டேன்.

"பின்னால நிக்கிற ஆக்கள்ட சத்தம். வரட்டும், ஒடி, நில்லு, எல்லாம் அந்தப் பழைய பெட்டிக்குள்ளால கேக்கும்."

"அப்ப படம்?"

"படம் நோன்புக்கு முன்னயே போயிற்று."

"பின்ன ஏன் வாப்பா கெமரா நல்லா இரிக்கி எண்டு செல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"எனக்கு நல்லாத்தானே இருந்திச்சு."

வீதியில் கொட்டிக் கிடந்த நெல்லில் அப்படியே குந்திவிடலாம் போல இருந்தது. மழைத்தண்ணி வடிகிற துவாரம் என்று நான் நினைத்தது மைக். ஸ்பீக்கரில் வந்த இரைச்சல், தெரு.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வாகனம் பின்னுக்கு எடுத்தால் என்ன நடக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தேத்தண்ணீர் குடிக்கிறவர், சைக்கிளில் போகிறவர், தொழப் பள்ளிக்கு அவசரமாகப் போகிறவர், எல்லாரும் நின்று வரட்டும் வரட்டும் என்பார்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். முடிந்ததும் வாகனத்தின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லொறி ஓட்டிய காலமெல்லாம் வாப்பா பின்னால் நின்ற கிளீனரின் குரலில் ரிவேர்ஸ் எடுத்தவர். வீட்டு வேனின் சுவர் தடிப்பு, வெளிச்சத்தம் உள்ளே வராது. அந்தப் பழைய மைக் வழியாகத் தெரு முழுவதையும் அவர் கிளீனராக வைத்திருந்திருக்கிறார். ஒலுவிலில் ஆளே இல்லை, இடித்தார். சம்மாந்துறை ஆலையில் மெஷின் சத்தம் ஆட்களின் குரலை விழுங்கிவிட்டது, இடித்தார். கண் இருக்கிறது என்று நான் நினைத்த இடத்தில் காதுதான் இருந்தது. நான் கண் பூட்டுகிறேன் என்று காதை வெட்டிவிட்டேன்.

கதிரைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். வாப்பா வேனுக்குள் போய் எங்களுடைய மடிக்கும் கதிரைகள் மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்து விரித்து வைத்தார். அவர் அதில் குந்திப் பார்த்தார். கையோரத்தில் கப் வைக்கும் ஓட்டைக்குள் விரலை விட்டு இது என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். சரியென்று தலையாட்டினார்.

வேனில் ஏறியதும் வாப்பா, "கதிரயெண்டாலும் பட்டது பட்டதுதான்," என்றார். "அந்த மனிசன் எழும்பாம இருந்திருந்தா? நாளைக்கு அக்கரப்பத்தாருக்குச் செல்லிருவம்."

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். மூடிவிட்டு எழும்பிப் பின்கட்டிலுக்குப் போய்விட்டார். கோமாரி, பொத்துவில் எல்லாம் தாண்டினோம். அந்தப் பாதையில் கடல் தெரியத் தெரிய வரும். நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வீடியோ எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க.

9.10க்கு அறுகம்பை. எங்கள் மீற்றரில் 74 கிலோமீற்றர். இரவு நிறுத்த 2,000 ரூபாய் என்று சொன்ன இடம், இரண்டு தென்னைகளுக்கு நடுவில். பின்னால் ஒரு கயிற்றூஞ்சல், பக்கத்தில் அலைப்பலகைகளைச் சாத்தியபடி வெள்ளைக்காரர் ஐந்தாறு பேர். எங்கள் ஊர் என்றால் இதற்குள் பத்துப் பேர் கத்தியிருப்பார்கள். இவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று புன்னகைத்தார்கள். ஒரு சத்தம் இல்லை. பழைய மைக் இருந்திருந்தாலும் வாப்பாவுக்கு அலைச்சத்தம்தான் கேட்டிருக்கும். அவர் ரிவேர்ஸில் போட்டார், திரையைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், திரும்ப நியூட்ரலுக்கு எடுத்தார்.

அப்போது பின்னால் ஜன்னல் தள்ளும் சத்தம் கேட்டது. கட்டிலில் முழங்காலில் நின்று, முந்தானையை இறுக்கிக்கொண்டு, உம்மா தலையை வெளியே நீட்டியிருந்தார்.

"வரட்டும்," என்றார்.

வாப்பா அசையவில்லை.

"என்ன பாக்கிறீங்க, வரட்டும் எண்டன். வரட்டும். உங்கட பக்கம் கொஞ்சம் ஒடிங்க. அவ்வளவு ஒடிக்காதீங்க, அந்தப் புள்ளைட பலகை கிடக்கு. நேராக்குங்க. வரட்டும், வரட்டும்."

பிறகு உள்சுவரில் ஒரு தட்டு. வேன் நின்றது. இரண்டு பக்கமும் தென்னைக்குச் சமமான இடைவெளி. திரையைப் பார்த்து நான்தான் அளந்தேன், வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பின்னேரம் அக்கரைப்பற்றார் தானாகவே போன் எடுத்தார். இரண்டு கதிரைக்கு மூன்று பேர் என்பதால் நான் மணலில் இருந்தேன். வாப்பா போனைக் காதில் வைத்துக் கடலைப் பார்த்தபடி, "இல்ல தம்பி, இனி விக்கிற இல்ல," என்றார். "கிளீனர் ஒராள் கிடைச்சிட்டா."

"சம்பளத்தையும் பேசிட்டு வைங்க," என்றார் உம்மா.

ஞாயிறு திரும்பி வரும்போது திருக்கோவிலில் அதே இடத்தில் நெல் காய்ந்தது. அவர் எங்கள் கதிரையில் சாய்ந்திருந்தார். கப் ஓட்டையில் வெற்றிலை சுற்றிய கடதாசிச் சரை. எங்களைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் கை காட்டினார்.

செய்யப்போகிறவர்களுக்குச் சில விசயம். கடைக்குப் போக முன் பெட்டரியைப் பார்த்து வோல்ட்டை உறுதிசெய்யுங்கள். வயரை வாகனத்தின் நீளத்துக்கு வாங்காதீர்கள், அது வளைந்து ஏறி இறங்கும், இரண்டு மீற்றர் கூட எடுங்கள். துளையைச் சிலிக்கோனால் அடையுங்கள். மைக் உள்ள கெமராவாகக் கேட்டு வாங்குங்கள், கடையில் இல்லை என்பார்கள், இருக்கிறது. நான் பழைய கெமராவைக் குப்பையிலிருந்து எடுத்துப் புதியதுக்குக் கீழே மைக்குக்காக மட்டும் திரும்பப் பூட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன், ஓட்டுகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இப்ப எதை வைத்துப் பின்னுக்கு எடுக்கிறீங்க? நல்லா இரிக்கி என்று பதில் வந்தால் விடாதீர்கள். எது நல்லா இருக்கிறது என்று கேளுங்கள்.

மைக் இப்போது வேலை செய்கிறது. படமும் பளிச்சென்று தெரிகிறது. வாப்பா இரண்டையும் கவனிப்பதில்லை. ரிவேர்ஸ் போட்டதும் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, பின்ஜன்னல் திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்.