நிப்பாட்டுப் பலகை

சிறுபிள்ளைகளுக்கான கிளினிக்கின் உட்கூரையில், ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர்வரை, மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. எத்தனை முறை வெள்ளை பூசியும் அது மறையவில்லை. அதற்கு நேர் கீழே உள்ள வாங்கில் இருக்கத் தாய்மார் விரும்புவதில்லை. சென்ற மாதம் என் கைக்குழந்தையான மகளுக்கு ஊசி போடப் போயிருந்தபோது, ஓர் இளம் தாய் பிள்ளையை இறுக அணைத்தபடி மேலே பார்த்தாள். "அக்கா, அது வெடிப்போ?" என்று என்னிடம் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, படலையடியிலிருந்து மறுபடி திரும்பி வருகிறவள். ஆனால் அந்தக் கோட்டின் கீழ் இருக்கும்போது எனக்குப் பயம் வந்ததில்லை.

அந்தக் கட்டிடம் எழும்பிய காலத்தில் நான் அங்கே எழுதுவினைஞர். சண்டைக் காலம். மூத்தவன் பால்குடி, அவனை ரவுணில் மாமியிடம் விட்டுவிட்டு வருவேன். எங்கள் தள முகாமையாளரை எல்லோரும் மனேஜர் என்றே கூப்பிடுவோம். கிண்ணியாக்காரர். குடாவைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறி, சைக்கிளோடு வந்து இறங்குவார். வந்ததும் வரைபடத்தை விரிக்கமாட்டார். தம்பலகாமத்து பஸ் நேரத்துக்கு வந்ததா, சந்தியில் வழக்கமான காவலாட்கள்தானா, மீன்காரரை ஏன் காணவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கதை கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான் "தொடங்குங்க" என்பார்.

கூரைக்குக் கொங்கிறீற் தட்டைப் போடத் தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. கண்ட இடத்தில் நிறுத்தினால் பழைய பகுதியும் புதிய பகுதியும் சரியாக ஒட்டாது. பின்னொரு நாள் அந்த இடத்திலேயே பிளந்துவிடும். அது தெரிந்தும், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னதாக அவர் தச்சுவேலை செய்யும் ஓடாவியைக் கூப்பிட்டு, கம்பிகள் நுழையப் பல் வெட்டிய நீளப் பலகைகளை ஆயத்தமாக்குவார். நிறுத்த நேர்ந்தால் எந்தெந்த இடத்தில் நிறுத்தினால் கட்டிடத்துக்குப் பழுதில்லை என்று கணக்குப் பார்த்து, சுண்ணக்கட்டியால் அடையாளமும் இடுவார். அந்தப் பலகைக்குத்தான் நிப்பாட்டுப் பலகை என்று பெயர்.

தம்பலகாமத்துத் தலைமை மேசனுக்கு வாய் சும்மா இராது. "எங்கட மனேஜர் சோறு போட முன்னமே இலையை மடிக்கிற ஆள்" என்பார்.

"மடிக்கத் தெரியாத ஆளுக்கு நான் சோறு போடுறல்ல, மேசன்" என்று மனேஜர் சொல்லிவிட்டுப் போவார்.

கிளினிக்கின் தட்டுப் போட்ட அன்று காலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் கழிந்து, கொங்கிறீற் குழைக்கும் மிக்சரின் இரைச்சலையும் மீறிக் கடற்பக்கமாக ஒரு முழக்கம் கேட்டது. பிறகு இன்னொன்று. கலவை சுமக்கும் தாச்சி கைமாறுவது நின்றது. இனிக் காவலாட்கள் வீதிகளை மறித்துப் பூட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மகன் பால் குடிக்கும் நேரம் அது. வீதி பூட்டினால் என்று நினைத்த மாத்திரத்தில் என் சட்டை நனைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிட்டே போவம்" என்றார் மேசன். "கொழும்பு ஒபிசுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"நிப்பாட்டினண்டு சொல்லுவன். உங்கட பொஞ்சாதிக்குப் பதில் சொல்லத்தான் என்னால ஏலா."

ஆனால் மனேஜர் உடனே ஒருவரையும் ஓடவிடவில்லை. அடுத்த அடையாளம் வரை நிரப்ப வைத்தார். பலகையை இறக்கி, விளிம்பைத் தானே தட்டி நேராக்கினார். இளம் ஆட்களெல்லாம் அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பிறகு தம்பலகாமத்துக்காரரை லொறியில் ஏற்றினார். கிண்ணியாக்காரரைப் பாதையடிக்கு அனுப்பினார். ரவுணுக்குப் போன, தெரிந்த பேக்கரிக்காரரின் பாண் வானை மறித்து, "புள்ள பசியில கத்தும், போங்க தங்கச்சி" என்று என்னை ஏற்றிவிட்டார். அன்று பின்னேரம் வீதியில் அகப்பட்டவர்களை இறக்கி, விடியும்வரை ஓரத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அவர்களில் இல்லை. என் மகன் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

வீதி திறந்து நாங்கள் திரும்பியபோது மனேஜர் அங்கேயே இருந்தார். எல்லோரையும் அனுப்பி முடிப்பதற்குள் பாதை நின்றுவிட்டதாம். போட்ட பகுதி முழுவதும் நனைந்த சாக்குகளால் மூடப்பட்டிருந்தது. அது காயாமலிருக்க, உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கிறார். "உங்கட மேசை லாச்சியில இருந்த பிஸ்கற்றைக் களவெடுத்தது நான்தான்" என்றார்.

அடுத்த வருடம் அவருக்கு வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்தது. புதியவரைத் தேடுவதற்குக் கடமை விபரம் எழுதும்படி தலைமை அலுவலகம் என்னைக் கேட்டது. மாதிரி ஒன்றும் வந்தது: மேற்பார்வை, அறிக்கை, காலக்கெடுவுக்குள் முடிக்கும் ஆற்றல். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். அவர் அதில் இல்லை. ஆகவே கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன்: தளத்தில் உள்ளவர்களின் பாதுகாப்புக் கருதி, எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு, நிறுத்துவதற்கான ஆயத்தத்தை வேலை தொடங்குமுன் செய்துவைப்பது அவர் கடமை.

அதை வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். "வாறவன் எல்லாம் நிப்பாட்டினால் ஆர், பிள்ளை, கட்டிடம் கட்டுறது?" என்று தலைமை அலுவலக அதிகாரி தொலைபேசியில் கேட்டார். என்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவரே. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, எனக்கென்ன கட்டிடத்தைப் பற்றித் தெரியும் என்று யோசித்தேன். ஆனால் குழப்பம் வந்தால் முதலில் அறுந்து போவது தொலைபேசிதான். அனுமதி கேட்பதற்காக ஒரு புது ஆள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, வீதி பூட்டுவதையும் யோசித்தேன். வெளியே அதே மேசன்மார். உள்ளே நான்.

புறப்பட இருந்த மனேஜரிடம் அந்த வசனத்தைக் காட்டினேன். வாசித்துச் சிரித்தார். "இது என்ட வேலை இல்ல தங்கச்சி, என்ட பயம்."

"அதைத்தான் எழுத வேணும்" என்றேன். பயம் என்றால் எனக்குக் கை ஓடாமல் போவது. அவருக்கோ அது அளந்து வெட்டிய பலகை. அப்படியும் ஒருவர் பயப்படலாம் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

வசனத்தை மறுபடி தட்டச்சு செய்து, இது இல்லாமல் அனுப்ப என்னால் ஏலாது என்று எழுதிய துண்டுச்சீட்டும் இணைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை, பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கடைசி வரியாக அந்த வசனமும் இருந்தது. என் ஒப்பந்தமும் தாமதமாக வந்து சேர்ந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த புதிய மனேஜர், தன் முதல் தட்டுக்கு முன் அந்தக் கடமை விபரத் தாளை எடுத்து வாசித்துவிட்டு, ஓடாவியைக் கூப்பிட்டார். "இவரும் இலை மடிக்கிற ஆள்தான்" என்ற மேசன் அன்று எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

"வெடிப்பில்லை தங்கச்சி" என்று அந்த இளம் தாயிடம் சொன்னேன். "எங்கட மனேஜர் அந்த இடத்தில ஒரு நாள் வேலையை நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினவர்." அவளுக்கு முழுதாக விளங்கியதோ தெரியவில்லை. நான் கோட்டுக்கு நேர் கீழே போய், மகளை மடியில் கிடத்தி, பக்கத்தில் இடம் விட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.