சுவரில் பூட்டிய டிவி

அந்த டிவியை வாங்கியது நான். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவரும் அவருடைய ஆட்களும் வேறு ஒரு கதையை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மட்டக்களப்பு டவுனில் கடை கடையாக ஏறி இறங்கியது நான். பெட்டியை ஓட்டோவில் ஏற்றி, மடியில் பிடித்துக்கொண்டு வந்தது நான். என் தங்கச்சி அன்றைக்கு என்னோடு வந்தாள். கடைக்காரர் கொடுத்த சோடாவைக் குடித்தாள். அவளுடைய பங்கு அவ்வளவுதான்.

நான் அலுமினிய வேலை செய்கிறவன். ஜன்னல், கதவு, கடைகளுக்குக் கண்ணாடி முகப்பு. பகல் முழுவதும் கட்டர் காதுக்குள் கத்தும். வீட்டுக்கு வந்தால் எனக்கு இரண்டே ஆசைகள் இருந்தன. ஒன்று, கேமில் கால்பந்து விளையாடுவது. மற்றது, ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தை ஒழுங்காகப் பார்ப்பது. எங்களிடம் இருந்த பழைய டிவியில் இரண்டும் சரிவரவில்லை. பட்டனை அழுத்தினால் பந்தை உதைக்கிறவன் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் உதைப்பான். அதற்குள் எதிராளி பந்தைக் கொண்டு போய்விடுவான். படத்தில் இருட்டுக் காட்சி வந்தால் எங்கள் முகம்தான் தெரியும்.

கடையில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் நான் நின்றபோது கடைக்காரர் வந்தார்.

“இது கேமுக்கெண்டே செய்தது தம்பி. நீங்க பட்டன அமத்த முதல் பந்து போயிரும்.”

தங்கச்சி சோடாவை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னாள். “அண்ணே, அவருக்கு டிவியில பிழை இல்ல. விரல்லதான் பிழை. இத வாங்கினாலும் என்னட்டத் தோக்கத்தான் போறார்.”

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தெருவில் பெடியன்களைக் கூட அவள் தோற்கடிப்பாள். எப்போதும் வேகமாக ஓடுகிற ஆட்களை மட்டும் பொறுக்கி ஒரு அணி கட்டுவாள். தோற்றால் கொன்ட்ரோலரில் பற்றரி இல்லை என்பாள்.

டிவி வந்தவுடன் அம்மா சொன்னா, “சுவரில பூட்டு மகன். வீட்டுக்கு ஒரு அழகா இரிக்கும்.”

பூட்டினேன். என்னுடைய தொழில் அது, அரைகுறையாகச் செய்ய மாட்டேன். சுவரை வெட்டி வயரை உள்ளே விட்டு, மேலே சீமெந்து பூசி, பெயின்ட் அடித்து, ஒரு வயர் துண்டு கூட வெளியே தெரியாமல் செய்தேன். உதவிக்கு வந்த என் கூட்டாளி ஆணியை நீட்டிக்கொண்டே கேட்டான்.

“டேய், உனக்கென்ன விசரா? இது ஆர்ட சுவர்?”

“எங்கட சுவர்தான்.”

“உன்ட தங்கச்சிட சுவர். மேசையில வைச்சா நீ போகக்குள்ள உன்னோட வரும். பூட்டினியெண்டா இஞ்சயே நிண்டிரும்.”

“நீ ஆணியத் தாடா” என்றேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிடுவார். தாய் தகப்பன் வளவுக்குள்ளேயே சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண்பிள்ளை தனக்குக் கிடைக்கிற பெண்ணின் வீட்டுக்குப் போவான். இது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஜன்னல் எல்லாம் நான் போட்டவைதான். அவற்றை நினைத்து நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. தங்கச்சிக்குப் போகிற ஜன்னல் என்று தெரிந்துதான் போட்டேன். டிவியை அப்படி நினைக்கவில்லை. டிவி ஜன்னல் இல்லை. அது என்னுடைய சாமான் என்று என் தலைக்குள் இருந்தது. மற்றவர்கள் தலைக்குள்ளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் நல்ல காலம். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு இருந்தால், அவள் துணிக்கடை வேலையிலிருந்து வந்து சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் இருப்பாள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த ஆட்டம் தன்னுடையது என்பாள். ஞாயிறு மத்தியானம் படம். அம்மா முதல் பாட்டுக்கே நித்திரையாகிவிடுவா. புதிய டிவிகளில் ஒரு கோளாறு உண்டு. கடையில் தருகிறபடியே விட்டால் அசைவுகளை வழுக்கி வழுக்கிக் காட்டும், எந்தப் பெரிய படமும் கலியாண வீடியோ போலத் தெரியும். அதை எங்கே போய் நிறுத்துவது என்று நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். நிறம், இருட்டு, சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தேன். என்னுடைய ஈமெயில், என்னுடைய பாஸ்வேட். திறந்தால் என் பெயர்தான் வரும்.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். நான் பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கிக்கொண்டு வாசலில் ஏறியபோது, மாப்பிள்ளையின் மாமன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிவியும் பெரிசாத்தான் இரிக்கி” என்றார்.

“ஓம் ஓம், எல்லாம் வீட்டோடதான்” என்றா அம்மா.

கதிரை என் கையில் அப்படியே நின்றது. தங்கச்சியைப் பார்த்தேன். அவள் அறைக் கதவில் சாய்ந்து நின்று நிலத்தைப் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் சண்டை போட்டேன்.

“என்ட டிவிய ஆரிட்டக் கேட்டுக் குடுத்தீங்க?”

“சுவரில பூட்டினதக் கழட்டினா பாக்கிற ஆக்கள் என்ன மகன் சொல்லுவாங்க? குடுத்த வீட்டில ஓட்டை போட்டுட்டுப் போறான் எண்டு சொல்ல மாட்டாங்களா? உனக்கும் ஒரு இடம் வரும். அங்க எல்லாம் இரிக்கும்.”

“அங்க இரிக்கிறது எவனோ ஒரு அண்ணன்காரன் வாங்கின டிவியா இரிக்கும்.”

“அதுக்கென்ன?” என்றா அம்மா. உண்மையாகவே அவவுக்கு விளங்கவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நான் எழுதப் போவதில்லை. கொடுத்திருக்க மாட்டேன். வேறு ஒன்று வாங்கித் தருகிறேன், இது என்னுடையது என்று சொல்லியிருப்பேன். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

கலியாணம் முடிந்தது. நானும் அம்மாவும் வளவுக்குப் பின்னால் தகரம் போட்ட அறைக்குப் போனோம். கேம் பெட்டியைச் சுவரில் பூட்டியிருக்கவில்லை, அதனால் அது என்னோடு வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் இருப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மச்சான் நல்ல மனிதர். விளையாட்டில் ஒன்றுக்கும் உதவமாட்டார். தன்னுடைய கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டுக் கைதட்டுவார். எதையோ அழுத்தி, நான் நிறுத்தி வைத்த அந்தக் கலியாண வீடியோ வழுக்கலைத் திரும்பவும் கொண்டு வந்திருந்தார். போனது போகட்டும், தங்கச்சிதானே என்று மனதை ஒருமாதிரிச் சரிப்படுத்தி வைத்திருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் மச்சான் பின்பக்கம் வந்தார். நான் வாசலில் இருந்து வேலைச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மச்சான், டிவி தன்ட பாட்டில அப்டேட் ஆகி இப்ப பாஸ்வேட் கேக்குது. உங்கட ஈமெயில்தான் காட்டுது.”

“ஓம், வந்து போட்டுத் தாறன்.”

“ஒண்டு கேக்கட்டா? அவ வாங்கின டிவிக்கு உங்கட ஈமெயில் ஏன் குடுத்த நீங்க?”

“ஆர் வாங்கின டிவி?”

“அவதான். கடையில வேலை செய்யக்குள்ள சேத்து சேத்து வாங்கினதாமே. நீங்க விளையாட ஆசப்பட்டீங்க எண்டு உங்கட கையில விட்டுட்டாவாம்.” அவர் சிரித்தார். “எல்லாருக்கும் இப்படித் தங்கச்சி கிடைக்காது மச்சான்.”

அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கு இன்னும் கோபம். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் பெண்சாதியைப் பற்றி அவ்வளவு சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு நின்றார். பாஸ்வேட் நினைவில்லை, தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் மச்சான் வேலைக்குப் போனபிறகு குசினிக்குப் போனேன். தங்கச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாவி மீன், செதில் எல்லாம் கையில்.

“டிவி நீ வாங்கினதாமே?”

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை.

“சொல்லு புள்ள. நீ வாங்கினதா?”

“பின்ன என்னத்தச் சொல்லச் சொல்றாய்? அவர்ட தங்கச்சிமார் ரெண்டு பேரும் டீச்சர். மாமி வரக்குள்ளயெல்லாம் அவங்கட உழைப்பு, அவங்க வாங்கின சாமான் எண்டுதான் கத. நான் என்னத்தக் காட்டுற?”

“வீடு உன்டதானே.”

“வீடு அம்மா தந்தது. ஜன்னல் நீ போட்டது. நகை அப்பா இருக்கக்குள்ள செய்து வைச்சது. என்ட எண்டு சொல்ல இந்த வீட்டில என்ன இரிக்கி?”

“அதுக்கு என்டதக் களவெடுப்பியா?”

“களவில்ல அண்ணா. ஒரு சொல்லுத்தானே.”

“அப்ப அந்தச் சொல்லத் திருப்பி எடு. டிவிய வைச்சிக்க, எனக்கு வேணாம். அண்ணன் வாங்கினது எண்டு அவரிட்ட மட்டும் சொல்லு. அது போதும்.”

“சொல்றன்.”

“எப்ப?”

“சொல்றன் எண்டு சொன்னன்தானே!”

நான் காத்திருந்தேன். என்னுடைய வாழ்க்கையில் யாரிடமும் நான் நன்றி எதிர்பார்த்ததில்லை. பாராட்டும் கேட்கவில்லை. தன் புருசனுக்கு முன்னால் ஒரு வரி. அதைத்தான் கேட்டேன்.

பௌர்ணமிப் போயா லீவு நாள் ஒன்றில் மச்சானின் தாயும் சொந்தக்காரரும் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னம் ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டார்கள். டிவி இன்னும் பாஸ்வேட் கேட்டுக்கொண்டிருந்தது. மச்சான் என்னைக் கூப்பிட்டார். போனேன். கதிரைகள் நிறைய ஆட்கள். திரையில் என் ஈமெயில். தங்கச்சி தண்ணீர்த் தட்டோடு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவள் சொல்லவில்லை. நான் ஏதும் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் அந்த முகத்தில் இருந்தது.

நான் பாஸ்வேட்டைப் போடவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிற இடத்துக்குப் போனேன். நிச்சயமா என்று டிவி கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். திரை கறுத்தது, பிறகு வெளித்தது. வீட்டில் பெட்டியைப் பிரித்த அன்றைக்கு நின்றது போல நின்றது. என் பெயர் இல்லை, நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஒன்றும் இல்லை. புதிய கணக்குக்கு ஒரு பெயர் கேட்டது.

நான் ரிமோட்டைத் தங்கச்சியிடம் நீட்டினேன்.

“ஆர்ட பேரப் போடுற?” என்று கேட்டேன்.

அவள் வாங்கவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். “அண்ணன்ட பேரையே போடு, அண்ணன் வாங்கினதுதானே” என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் கூட முடிந்திருக்கும். யாரும் அவளை அடித்திருக்கப் போவதில்லை. மச்சான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

மச்சானின் தாய்தான் வாய் திறந்தா. “இதென்ன கேள்வி தம்பி? உழைச்சி வாங்கினவள்ட பேரப் போடுறதுதானே முறை.”

தங்கச்சி தட்டை மேசையில் வைத்தாள். கையைச் சீலையில் துடைத்தாள். ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரைப் போட்டாள். ஒரு எழுத்துப் பிழைத்தது. அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டாள். அவ்வளவு நேரமும் என்னைப் பார்க்கவில்லை.

“இரிங்க மச்சான், படம் பாப்பம்” என்றார் மச்சான். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா கோப்பையில் சோறு கொண்டு வந்தா.

“ஏன் மகன் எழும்பி வந்தாய்? ஆக்களுக்கு முன்னால ஒரு மாதிரி இல்லையா?”

“அம்மா, அவ தான் வாங்கினதெண்டு சொல்லித் திரியிறது உங்களுக்கும் தெரியுமா?”

அம்மா கோப்பையை வைத்தா. என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்தா.

“சாப்பிடு. சோறு ஆறப் போகுது.”

சாப்பிட்டேன். பசித்தது. அவள் சொன்ன பொய்யை அம்மாவும் சேர்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறா என்று தெரிந்தபிறகும் பசித்தது.

அதன் பிறகு நான் முன்வீட்டுப் படி ஏறவில்லை. மச்சான் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எனக்கு ஏதோ சுகமில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலிப்பக்கம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி உடுப்புக் காயப்போட வந்தவள் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பழைய குரலில், ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள்.

“அண்ணா, பெட்டியக் கொண்டு வாவன். விளையாடி எவ்வளவு நாளாச்சி. எனக்கு இஞ்ச ஒருத்தரும் சரியா விளையாடுறாங்க இல்ல.”

“உன்ட டிவி. நீ விளையாடு” என்றேன்.

சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.